நீலப் பென்சில் அடித்த இரண்டு வரி

பிட்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில், மோனங்கஹீலா நதி வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிற ஹார்லன் பெண்ட் இரும்பாலையில் எதையும் மூன்று தடவை சொல்ல வேண்டும். சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த இரைச்சலில் ஒரு தடவை கத்தினால் காதில் விழாது. இரண்டாம் தடவை கத்தினால் எவனோ வேலையில்லாமல் விளையாடுகிறான் என்று நினைப்பார்கள். மூன்றாம் தடவையும் கேட்டால்தான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இந்தப் பழக்கம் ஆலையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்து குடியேறிவிட்டது. சாப்பிடக் கூப்பிடுவது மூன்று தடவை. கல்யாணத்துக்கு அழைப்பதும் மூன்று தடவை. ஒரே தடவை அழைத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போனதில்லை.

ஜஸ்டினா கொஸ்டெல்னிக் இதே ஊரில் பிறந்தவள். அப்பா ஆலையில் உலை அடியில் வேலை பார்த்தவர். அவளுக்கு இது தெரியாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. தெரிந்துதான் செய்தாள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பதினெட்டு வயதில் தகரப் பிரிவில் சேர்ந்தாள். 1943, ஆண்களில் பாதிப் பேர் போருக்குப் போயிருந்தார்கள். தகரப் பிரிவு மாடியில் இருந்தது. பெரிய ஜன்னல்களை ஒட்டிப் பெண்கள் வரிசையாக நின்று, தகடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். ஒரு பார்வை, ஒரு புரட்டு, மறுபக்கம் இன்னொரு பார்வை. நல்லது ஒரு அடுக்கு, இரண்டாம் தரம் ஒரு அடுக்கு, கழிவு ஒரு அடுக்கு. யோசிக்க நேரம் கிடையாது. யோசிக்கிறவள் அடுத்த வாரம் வேறு வேலை தேடுவாள். ஜஸ்டினாவின் கண்ணுக்கு ஊசிமுனைப் புள்ளிகூடத் தப்பாது. அவளை எழுத்துக்காரி ஆக்கியதும், பத்திரிகை ஆசிரியை ஆக்கியதும் அந்தக் கண்தான். அவளைப் படுகுழியில் தள்ளியதும் அதுதான்.

பக்கத்து மேஜையில் நின்றவள் தெக்லா. வாய் துடுக்கு, மனசு வெள்ளை. உதட்டை அசைக்காமல் வம்பு பேசுவதில் அவளுக்கு நிகரில்லை. மேற்பார்வையாளரின் பொய்ப்பல் முதல் பாதிரியாரின் புது நாய் வரை எல்லாம் அவள் வழியாகத்தான் அடுத்த மேஜைக்குப் போகும். ஜஸ்டினா அதையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தகடு சுற்றி வரும் காகிதத்தில் எழுதுவாள். அதில் ஒன்று தொழிற்சங்கத் தாளில் அச்சானபோது ஊரே சிரித்தது. மேற்பார்வையாளர் மட்டும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை.

1956இல் மாவட்ட நூலகத்தில் எழுத்துப் பயிற்சி என்று மாலை வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். ஜஸ்டினா ஷிப்ட் முடிந்து, முகம் கழுவி, பஸ் பிடித்துப் போனாள். கழுத்தில் பட்டுப் பட்டி கட்டிய ஒரு மெலிந்த மனிதர் பாடம் நடத்தினார். "ஒரு விஷயத்தை நன்றாகச் சொல்ல ஒரு தடவை போதும். இரண்டாம் தடவை சொல்வது வாசகனை முட்டாள் என்று திட்டுவதற்குச் சமம்" என்றார். ஜஸ்டினாவுக்குத் தலை கிறுகிறுத்துப்போனது. முப்பத்தொரு வருஷமாக எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்டே வளர்ந்தவள் அவள். இப்படியும் ஒரு உலகம் இருக்கிறதா? அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நீலப் பென்சில் வாங்கினாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பத்திரிகை தொடங்கினாள். பெயர் 'சாப்பாட்டு வாளி'. சங்கத்தில் ஒரு பழைய சைக்ளோஸ்டைல் மெஷின் தூசி தின்றுகொண்டிருந்தது, அதைக் கொடுத்தார்கள். சர்ச்சுக்குக் கீழே இருந்த நிலவறைக் கூடத்தைப் பாதிரியார் சனிக்கிழமை காலைகளில் விட்டுக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை அங்கே பெண்கள் உருளைக்கிழங்கு மசித்து உள்ளே வைத்துப் பிரோகி என்ற கொழுக்கட்டை செய்து விற்பார்கள். மறுநாள் அதே மேஜைகளில், துடைத்தும் போகாத மாவின் மேல், பக்கங்களை அடுக்கித் தைப்பார்கள். 'சாப்பாட்டு வாளி'யின் எந்தப் பிரதியை முகர்ந்தாலும் லேசாக வெங்காய வாசனை அடிக்கும். தெக்லாதான் ஸ்டேப்ளர் போடுவாள். ஆலை அலுவலகம் தூக்கி எறிந்த நீளக் கை ஸ்டேப்ளர் ஒன்றை அவள் புருஷன் வாசில் எடுத்து வந்து, புது ஸ்பிரிங் போட்டு அவளுக்குக் கொடுத்திருந்தான். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டாள்.

வாசில் பெட்ரூனாக், நாலாம் நம்பர் கிரேன் ஓட்டுபவன். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். 1961 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மனைவியோடு நிலவறைக்கு வந்தான். ஆலையின் மஞ்சள் அறிக்கைத் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய எட்டுப் பக்கங்களை நீட்டினான்.

"இந்தா எடிட்டரம்மா. கோழி கிளறின மாதிரி இருக்கும், திட்டாத."

"நீயுமா வாசில்? இனிமே இந்த ஊர்ல எழுதாம இருக்கறது பாதிரியார் ஒருத்தர்தான்."

"இத இந்த இதழ்லயே போட்டுரு. சூப்பரின்டென்ட்கூட நம்ம வாளியப் படிக்கிறானாம், கக்கூஸ்ல உக்காந்துக்கிட்டு."

"பார்றா அவசரத்த! மொத மொத எழுதறவங்க எல்லாருக்கும் இந்த அரிப்பு வரும்."

"அரிப்பு இல்ல ஜஸ்டி. போட்டுரு. போட்டுரு. போட்டுரு."

தெக்லா ஸ்டேப்ளரை டக்கென்று அழுத்திச் சொன்னாள்: "மூணு தடவை சொல்லிட்டாருடி. போடலன்னா இன்னிக்கு வீட்ல எனக்குத்தான் பாட்டு."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஜஸ்டினாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிற்பாடு பல வருஷம் அவளைத் தூங்க விடவில்லை.

அன்று மதியமே சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தாள். நன்றாக இருந்தது. வாசில் இப்படி எழுதுவான் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. கிரேன் அறை உயரத்திலிருந்து கீழே பார்த்தால் தெரியும் வழுக்கைத் தலைகள், கூரைக் கம்பிகளில் அடைகாக்கும் புறாக்கள், கீழே கொக்கி மாட்டும் கார்மைன் ஸ்பினெல்லி சிவப்புக் கைக்குட்டையை ஆட்டி ஆடும் ஆட்டம், எல்லாம் இருந்தது. ஆனால் கட்டுரையின் முதல் வரி, "நாலாம் நம்பர் கிரேனில் பிரேக் வழுக்குகிறது." நடுவில் புறாக்களுக்குப் பிறகு அதே வரி. கடைசி வரியும் அதே.

புரட்டிய கை நின்றது. தகட்டில் புள்ளி தெரிந்துவிட்டது. புறாவும் கைக்குட்டையுமாக இவ்வளவு அழகாக எழுதிவிட்டு, ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரு ஆலை நோட்டீசை ஒட்டி வைத்திருக்கிறானே என்று நினைத்தாள். நீலப் பென்சிலை எடுத்தாள். முதல் வரியை அடித்தாள். கடைசி வரியை அடித்தாள். நடுவில் இருந்ததை விட்டாள், அதுவும் சும்மா விடவில்லை. 'சில நாட்களில்' என்று இரண்டு சொல்லைச் சேர்த்தாள். ஓசை நன்றாக இருந்தது. இப்போது கட்டுரை வழுக்கைத் தலைகளில் தொடங்கி, சிவப்புக் கைக்குட்டையில் முடிந்தது. தன் வேலையைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

இதழ் வந்தது. கொடுத்தது அப்படியே வந்திருக்கும் என்று வாசில் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை, நாலாம் நம்பர் கிரேனில் பிரேக் வழுக்கியது. ஆறு டன் இரும்பு கார்மைன் ஸ்பினெல்லியின் மேல் இறங்கியது. கார்மைனுக்கு வயது முப்பத்தொன்று.

மாடியில் தகடு புரட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஆபத்து விசில் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. எல்லோரும் தகடுகளைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். 'நாலாம் நம்பர்' என்று யாரோ கத்தினார்கள். ஜஸ்டினாவுக்கு அந்த நொடியே எல்லாம் தெரிந்துவிட்டது. வாசில் எழுதியது கதை இல்லை. ஃபோர்மனிடம் வாயால் சொல்லிப் பார்த்து ஒன்றும் நடக்காததால், ஊரே படிக்கட்டும் என்று மூன்று தடவை கத்தியிருக்கிறான். கத்தியவனின் வாயை இரண்டு தடவை பொத்தியது தன் கை.

விசாரணை பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. மாநில அரசிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் கார்மைனின் அண்ணன் ராக்கோ, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஃபோர்மன் எழுந்து, வாசில் தன்னிடம் எதுவுமே சொல்லவில்லை என்று கூசாமல் சொன்னான்.

"எழுதியிருக்கேன் சார்" என்றான் வாசில். "பத்திரிகையில எழுதியிருக்கேன். மூணு தடவை எழுதியிருக்கேன்."

ஆலையின் வக்கீல் 'சாப்பாட்டு வாளி'யைத் தூக்கிக் காட்டினார். அவரும் உள்ளூர்க்காரர்தான். "ஒரு தடவைதாம்பா இருக்கு. அதுவும் புறாவுக்கும் கைக்குட்டைக்கும் நடுவுல. 'சில நாட்களில்'னு இருக்கு. நம்ம ஆலையில ஆபத்துன்னா எத்தனை தடவை சொல்லுவோம்? சின்னப் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியுமே."

அரங்கில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. பிறகு ஜஸ்டினாவைக் கூப்பிட்டார்கள். வாசில் கொடுத்தது இதுதானா என்று கேட்டார்கள்.

ராக்கோவின் மடியில் இருந்த தொப்பியை அவள் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இத்தனை கண்ணும் தன் பக்கம் திரும்பும் என்று தெரிந்தது. பயம்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

"ஆமாங்க. எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன்."

"கையெழுத்துப் பிரதி?"

"அடுப்புல போட்டுட்டேன். ஸ்டென்சில் வெட்டினதும் அதுக்கு வேலை இல்லைங்க."

வாசில் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். குழப்பம்தான் இருந்தது. வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மாதிரி.

ஓட்டுநரின் கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது. வாசிலைக் கிரேனிலிருந்து இறக்கித் துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்கள். ராக்கோ ஸ்பினெல்லி தெருவில் வாசிலையோ தெக்லாவையோ கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். மதுக்கடையில் வாசிலின் பக்கத்து ஸ்டூல் எப்போதும் காலியாக இருந்தது.

அந்த வருஷ வேனிலில் ஒருநாள், பஸ் நிறுத்தத்தில் நின்ற ஜஸ்டினாவிடம் வாசில் வந்தான். தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஜஸ்டி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத. நான் மூணு தடவை எழுதினேனா? இல்ல, எழுதணும்னு நெனச்சேனா?"

யாரும் பக்கத்தில் இல்லை. வக்கீல் இல்லை, ராக்கோ இல்லை. ஒரு வார்த்தை போதும்.

"ஞாபகம் இல்ல வாசில். நெறையக் கட்டுரை வருது பாரு."

"சரிம்மா" என்று தலையாட்டினான். "நான்தான் மறந்திருப்பேன்."

ஐந்து வருஷம் கழித்து மார்வலியில் செத்துப்போனான். சாகும்வரை அவன் வேறு ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த எட்டு மஞ்சள் பக்கங்கள் அடுப்புக்குப் போகவே இல்லை. எரிக்க அவளுக்குக் கை வரவில்லை. பூப்போட்ட கேக் டப்பா ஒன்றில் வைத்து மூடி, சமையலறை மேல் அலமாரியில் வைத்திருந்தாள். அவள் கண்ணால் பார்த்துக் கழித்த தகட்டில் செய்த டப்பா அது. தெக்லா விதவையான பிறகு வாரம் இரண்டு நாளாவது வருவாள், காபி குடிப்பாள். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அந்த டப்பாவைக் காட்டிக் கேலி செய்வாள்.

"என்னடி அதுல அப்படி ஒளிச்சு வச்சிருக்க? எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தாயேன்!"

"பழசு தெக்லா. கெட்டுப்போயிருக்கும்."

"கெட்டுப்போனத எதுக்குடி வருஷக்கணக்கா வச்சிருக்க?"

ஜஸ்டினா எழுந்து காபிப் பாத்திரத்தைக் கழுவப் போவாள்.

வாசிலின் ஆவி வந்து கட்டிலோரம் நின்றது என்றெல்லாம் சொல்வதற்கில்லை. வந்திருந்தால் காலிலாவது விழுந்திருப்பாள். வந்தது அவன் வரிதான். யாருடைய கட்டுரையைத் திறந்தாலும் முதல் வரிக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் அது நின்றது. நாலாம் நம்பர் கிரேனில் பிரேக் வழுக்குகிறது. கடைசி வரிக்குக் கீழேயும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று பாதிரியார் மூன்று தடவை பாடச் சொல்வார். ஜஸ்டினா முதல் தடவை மட்டும் பாடுவாள். மற்ற இரண்டுக்கும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நிற்கும் தெக்லா அவளுக்கும் சேர்த்துச் சத்தமாகப் பாடுவாள்.

1964இல் தகடு புரட்ட இயந்திரம் வந்தது, பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜஸ்டினாவுக்குப் பிட்ஸ்பர்க்கில் சங்கத்தின் பெரிய பத்திரிகையில் துணையாசிரியை வேலை கிடைத்தது. பிற்பாடு அவளே ஆசிரியை ஆனாள். ஊரைவிட்டுப் போகாமல் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள், சனிக்கிழமை 'சாப்பாட்டு வாளி'யையும் விடவில்லை. கூறியது கூறலை மட்டும் அவள் ஒருபோதும் வெட்டியதில்லை. ஒரு சுரங்கத் தொழிலாளி தன் இருமலைப் பற்றி ஒரே பக்கத்தில் ஏழு தடவை எழுதியிருந்தாலும் ஏழும் அச்சாகும். உதவியாளர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "போடு. அவன் என்ன சொல்ல வரான்னு உனக்கென்ன தெரியும்?" என்று சீறுவாள்.

அவள் எழுதிய கதைகள் இரண்டு தொகுதிகளாக நியூயார்க்கில் வெளிவந்தன. எல்லாக் கதையிலும் ஏதோ ஒரு வாக்கியம் மூன்று தடவை வந்தது. உழைப்பவர்களின் தாளம் என்றும், இயந்திரத்தின் சந்தம் என்றும் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஒரு பேராசிரியர் பஸ் ஏறி வந்து, இது உங்கள் சர்ச் வழிபாட்டிலிருந்து எடுத்ததா என்று பவ்வியமாகக் கேட்டார். "இல்லைங்க, திருடினது" என்றாள் ஜஸ்டினா. அவர் அதையும் நகைச்சுவை என்று குறித்துக்கொண்டு போனார்.

1980 மார்ச், ஒரு சனிக்கிழமை. எல்லோரும் போன பிறகு தெக்லா தன் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். இருபது வருஷத்துக்கு மேலாக மற்றவர்கள் எழுத்துக்கு ஸ்டேப்ளர் போட்டவள், முதல் தடவையாக எழுதியிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சிரிக்காதடி. வீட்டுக்குப் போயிப் படி. உன் நீலப் பென்சில எடுத்துச் சரி பண்ணு."

"நான் இப்பல்லாம் வெட்டறதில்ல தெக்லா."

"எனக்கு வெட்டு. நான் என்ன எழுத்தாளரா?"

சமையலறை மேஜையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து ஜஸ்டினா படித்தாள். ஒன்றரைப் பக்கம். கார்மைன் ஸ்பினெல்லி குடும்பத்தாருக்கு, என்று தொடங்கியிருந்தது. என் புருஷன் நல்லவர். ஆனால் அன்று அவர் கவனமாக இல்லை. பிரேக்கைப் பற்றி மூன்று தடவை எழுதினேன் என்று அவர் சொன்னது உண்மையில்லை. பயத்தில் சொல்லியிருப்பார். எனக்கும் வயசாகிறது. அவர் கேட்காத மன்னிப்பை நான் கேட்டுவிட்டுப் போகிறேன். எங்களை மன்னித்துவிடுங்கள்.

நல்லது, இரண்டாம் தரம், கழிவு. எந்த அடுக்கில் இதை வைப்பது? ஜஸ்டினா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வாசிலின் பெயர் ஊர்க்காரர்கள் வாயில் கெட்டது, ஆலைக்காரன் காகிதத்தில் கெட்டது. அதெல்லாம் போதாதென்று, இப்போது அவன் பெண்டாட்டி கையாலேயே அவன் பொய்யன் என்று அச்சாகப் போகிறது. அதுவும் தன் பத்திரிகையில். இதை அச்சேற்றினால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தெக்லா நிம்மதியாகக் காபி குடிக்க வருவாள். இருவரும் கிழவிகளாகிச் சாகலாம்.

முக்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கினாள்.

மறுநாள் வழிபாடு முடிந்து மதியம் தெக்லா வீட்டுக்குப் போனாள். தெக்லா முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அட, கடைசியில கேக்கு வெளிய வந்துருச்சா!"

ஜஸ்டினா உட்காரவில்லை. கோட்டைக் கழற்றவில்லை.

"வாசில் மூணு தடவைதான் எழுதியிருந்தாரு தெக்லா. நான் ரெண்ட அடிச்சுட்டேன்."

கத்தி நின்றது.

"என்னது?"

"வாசில் மூணு தடவை எழுதியிருந்தாரு. நான்தான் ரெண்ட அடிச்சேன். விசாரணையில பொய் சொன்னேன். அவரு வந்து கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

தெக்லா கத்தியை மெதுவாகப் பலகையில் வைத்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

ஜஸ்டினா மூன்றாம் தடவையும் சொன்னாள். இந்தத் தடவை அழுகை வந்துவிட்டதால் பாதிதான் சொல்லாக வந்தது. தெக்லாவுக்கு அது போதுமாக இருந்தது.

டப்பாவைத் திறந்து மஞ்சள் தாள்களை எடுத்தாள். வாசிலின் கோழிக் கிறுக்கலை விரலால் தடவித் தடவிப் படித்தாள். முதல் பக்கத்தில் நீலக் கோட்டின் மேல் விரல் நின்றது. எட்டாம் பக்கத்துக்குப் போய் அங்கேயும் நின்றது. அடுப்பில் பாத்திரம் பொங்கி வழிந்தது, யாரும் அதை இறக்கவில்லை.

"ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் உன் சமையக்கட்டுல உக்காந்து இதக் கேட்டேனேடி" என்றாள். "ஒரு துண்டு குடு, ஒரு துண்டு குடுன்னு."

"ஆமா."

"அவரு சாகறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டு, தெக்லா நான் மூணு தடவை எழுதினேன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? விடுங்க, எழுதலன்னாதான் என்ன, சாமி மன்னிப்பாருன்னேன். அவரும் சரின்னு தலையாட்டிட்டுக் கண்ண மூடிட்டாரு." தாள்களை ஒன்றாக அடுக்கி மேஜையில் வைத்தாள். "எழுதலன்னு என்னையே சொல்ல வச்சுட்டியேடி. என் வாயால."

தெக்லா கையை நீட்டினாள்.

"நான் எழுதினதக் குடு."

கொடுத்தாள். தெக்லா அதை நாலாகக் கிழித்து, முட்டைக்கோசுத் தோலோடு சேர்த்துக் கூடையில் போட்டாள்.

"அவரு எழுதினத எழுதின மாதிரியே போடு. கீழ நீ செஞ்சத நீ எழுது. ஒரு தடவை எழுதிட்டுத் தப்பிச்சுக்கலாம்னு பாக்காத."

அப்படியே வந்தது. நாலாம் நம்பர் கிரேனில் பிரேக் வழுக்குகிறது என்று தொடங்கி, அதிலேயே முடிந்தது. அடுத்த பக்கத்தில் ஜஸ்டினாவின் பெயர், அதன்கீழ் அவள் செய்தது, மூன்று தடவை. ஃபோர்மன் எப்போதோ செத்திருந்தான். பிரதி ஒன்றை அனுப்பியதற்கு, கோப்பு மூடப்பட்டது என்று மாநில அரசு இரண்டு வரிக் கடிதம் போட்டது. பிட்ஸ்பர்க் வேலையை ஜஸ்டினா தானே விட்டாள்.

அந்த இதழைத் தைக்கிற சனிக்கிழமை தெக்லா வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தாள். ஸ்டேப்ளரோடு ஜஸ்டினாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். நானூறு பிரதியையும் அவளே தைத்தாள். மதியம் ராக்கோ ஸ்பினெல்லி படியிறங்கி வந்தான். நரைத்துப்போயிருந்தான். ஒரு பிரதியை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தான். ஜஸ்டினாவின் பக்கம் திரும்பவே இல்லை. தெக்லாவின் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றினான். "பெட்ரூனாக்கம்மா" என்றான். அவள் தலையாட்டினாள், அவன் போனான்.

எல்லோரும் போனபின் தெக்லா மேஜை மாவைத் துடைத்தாள். ஸ்டேப்ளரைத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அது அந்தக் கூடத்தைவிட்டு வீட்டுக்குப் போனதே இல்லை. படிக்கட்டில் கால் வைத்தவள், திரும்பாமலே நின்றாள்.

"மன்னிச்சுட்டேன்" என்றாள்.

ஜஸ்டினா எழுந்து நின்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

தெக்லா ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு படியேறிப் போய்விட்டாள்.